சந்தேகம் யாருடைய உடைமை?

வகுப்பறையிலே பாடம் விளங்காத மாணவன் எழுந்து நின்று, "சேர், எனக்கு ஒரு டவுட்" என்கிறான். ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொண்ட ஒருவர் அவ்வேளை அங்கிருப்பாராயின் சற்றுத் திகைப்பார். அவருடைய வழக்கிலே 'டவுட்' என்பது ஒருவர் கூறியதை நம்பாமை. மாணவனோ ஆசிரியரை நம்பாமையாற் பேசவில்லை, நம்பியதனாலேயே கேட்கிறான். 'சந்தேகம் கேட்டல்' என்று தமிழிலே நெடுங்காலம் வழங்கிவரும் தொடரை அவன் ஆங்கிலத்திற் சொல்லிவிட்டான், அவ்வளவே. தென்னாசியரின் ஆங்கிலப் பிழைகளைத் தொகுத்துக் கூறும் நூல்களில் இப்பிரயோகத்துக்கு நிலையான ஓர் இடமுண்டு. ஆங்கில ஆசிரியர் பலர் சிவப்பு மையால் அதனை வெட்டி, கேள்வி என்னும் பொருளுள்ள சொல்லை மேலே எழுதுவதை நான் கண்டிருக்கிறேன். நானும் சில காலம் அவ்வாறு செய்ததுண்டு.

இன்று அவ்வாறு செய்யத் தயங்குகிறேன். 'டவுட்' என்னும் அச்சொல்லின் வரலாற்றைச் சற்று ஆழமாக நோக்கும்போது, அதன் பொருளைத் தீர்மானிக்கும் உரிமை எக்காலத்திலும் இலக்கணகாரரிடம் மட்டும் இருந்ததில்லை என்பது தெளிவாகின்றது. சந்தேகிப்பவர் யார், சந்தேகிக்கப்படுபவர் யார் என்பதற்கேற்பவே அச்சொல் காலத்துக்குக் காலம் பொருள் மாறி வந்துள்ளது.

பிறப்பை முதலிற் பார்ப்போம். இலத்தீன் மொழியில் 'துபித்தாரே' என்றால் தயங்குதல், இரு கருத்துகளுக்கிடையே ஊசலாடுதல். இரண்டு எனப் பொருள்படும் 'துவோ' என்னும் எண்ணுப்பெயர் அதன் அடியிலே நிற்கின்றது. ஜெர்மன் மொழியிலும் இதே நிலைதான்: சந்தேகம் 'த்ஸ்வைபெல்', இரண்டு 'த்ஸ்வை'. பழைய ஆங்கிலத்திலும் இரண்டு என்பதோடு உறவுடைய ஒரு சொல்லே சந்தேகத்தைக் குறித்து நின்றது. 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியதன் பின்னர், ஆண்டோரின் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல் அந்நாட்டுச் சொல்லைப் படிப்படியாக ஒதுக்கித் தள்ளியது. அவ்வாறு வந்த சொல் தயக்கத்தை மட்டும் கொண்டு வரவில்லை. அச்சத்தையும் உடன்கொண்டு வந்தது. பழைய பிரெஞ்சிலும் இடைக்கால ஆங்கிலத்திலும் ஒருவனுக்கு அஞ்சுதலையும் இச்சொல்லே குறித்தது. இறைவனுக்கு அஞ்சி நடத்தலைக்கூட அக்கால ஆங்கிலேயர் இதே சொல்லாற் குறித்தனர். எதிர்க்க அஞ்சத்தக்க வீரனையோ பகைவனையோ 'ரிடவுட்டபிள்' என்று இன்றும் ஆங்கிலத்திற் சொல்வதில் அப்பழைய பொருள் எச்சமாக நிற்கின்றது.

தயக்கமும் அச்சமும் ஒரே சொல்லுக்குள் எவ்வாறு குடிபுகுந்தன? மொழிநூலார் இதனைப் பொருள் விரிவு என்று கூறி அப்பாற் சென்றுவிடுவர். பிரபுவின் முன்னே நிற்கும் குடியானவனுக்கு இரண்டாவது ஓர் எண்ணம் உண்டாவதே ஆபத்தாய் இருந்த சமுதாயத்திலே இச்சொல் வளர்ந்தது என்பதையும் நாம் மனங்கொள்ளல் வேண்டும். மனம் இரண்டுபடுதலையும் உடல் நடுங்குதலையும் வேறு வேறாகப் பிரித்தறிய வேண்டிய அவசியம் அவனுக்கு இருந்திராது.

இச்சொல்லின் எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு வார்த்தை. மாணவர் பலரும் சபித்துக்கொண்டே மனனஞ் செய்யும் அந்த ஒலியற்ற 'பி' எழுத்து பிரெஞ்சிலிருந்து வந்ததன்று. சொல் இலத்தீன் வழிவந்தது என்று காட்டும் ஆவலில் எழுத்தறிந்தோர் பிற்காலத்திலே அதனை நடுவே செருகினர். பொதுமக்களின் நாக்கு அதனை ஏற்கவில்லை. ஷேக்ஸ்பியர் இவ்வேடிக்கையை நன்கு கண்டுகொண்டவர். 1598 இல் அச்சேறிய 'காதலின் வீண்முயற்சி' நாடகத்திலே ஹொலோபெர்னிஸ் என்னும் பள்ளி ஆசிரியர், மற்றொருவன் அந்தப் 'பி'யை உச்சரிக்காமற் பேசுகிறான் என்று மனம் நொந்து புலம்புகிறார். அரங்கிலே சிரிப்பு எழுந்தது ஆசிரியரைப் பார்த்துத்தான். சிவப்பு மைப் பேனாவை எடுக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது அந்த ஹொலோபெர்னிஸ் நினைவுக்கு வருகிறார்.

ஷேக்ஸ்பியரிடம் இச்சொல் பெறும் உண்மையான ஆழத்தைக் காண ஹம்லெற்றுக்குச் செல்லவேண்டும். தந்தையின் ஆவி கவசத்தோடு தோன்றியதாகக் கேள்வியுற்ற இளவரசன், ஏதோ சூழ்ச்சி நடந்திருக்கிறது என்ற தன் எண்ணத்தை இச்சொல்லாலேயே வெளியிடுகிறான். அவ்விடத்தில் அது நம்பாமையைக் குறிக்கவில்லை. அதற்கு நேர்மாறாக, நடந்திருக்கும் என்று ஊகித்தலைக் குறிக்கின்றது. இரண்டாம் அங்கத்திலே, ஒபீலியாவுக்கு அவன் எழுதிய காதற் கடிதத்தின் செய்யுட் பகுதியில் அச்சொல் நான்கு முறை வருகின்றது. விண்மீன்களைப் பற்றியும் சூரியனைப் பற்றியும் கூறும் முதலிரண்டு இடங்களிலும் நம்பாமை என்ற பொருள்; உண்மையைப் பற்றிப் பேசும் மூன்றாவது இடத்தில், அதுவே பொய் சொல்கிறதோ எனக் குற்றம் ஊகித்தல் என்ற பொருள்; தன் காதலைப் பற்றிக் கூறும் நான்காவது இடத்தில் மீண்டும் நம்பாமை. ஒரே மூச்சிலே சொல் இரண்டு முறை திசை திரும்புகின்றது.

காதலின் உறுதிக்கு ஹம்லெற் அளவுகோலாக எடுத்துக்கொள்வதும் கவனிக்கத்தக்கது. சூரியன் நகர்கிறது என்பதை ஐயுற்றாலும் என் காதலை ஐயுறாதே என்பது அவன் கருத்து. ஆனால் சூரியன் நகரவில்லை என்று கொப்பர்னிக்கஸ் 1543 இலேயே எழுதிவிட்டார். தோமஸ் டிக்ஸ் என்பார் 1576 இல் அக்கொள்கையை ஆங்கிலத்தில் விளக்கியும் விட்டார். ஆகவே, அக்கால இலண்டனிலே செய்தி அறிந்த ஒருவனுடைய காதில் இவ்வாக்குறுதி அத்துணை உறுதியானதாக ஒலித்திருக்க முடியாது. பழைய பிரபஞ்சமே ஆட்டங் காணும்போது அதன்மேற் சத்தியஞ் செய்யும் காதல் எவ்வாறு நிலைக்கும்? நாடகம் முடிவதற்குள் ஒபீலியா அதற்கு விடை பெற்றுவிடுகிறாள்.

இக்கடிதத்தை அரங்கிலே படிப்பவன் ஹம்லெற் அல்லன் என்பது அதனினும் முக்கியமானது. மகளிடமிருந்து அதனைப் பெற்று, அரசன் முன்னிலையில் உரக்கப் படிப்பவன் அமைச்சன் பொலோனியஸ். தன் சொந்த மகனை வேவு பார்க்கவே ஆளனுப்பியவன் அவன். டென்மார்க்கின் அரண்மனையிலே சந்தேகம் இரு திசைகளிற் பாய்கின்றது. கீழிருந்து மேல் நோக்கி, அரசன் கொலைகாரனோ என்று ஹம்லெற் சந்தேகிக்கிறான். மேலிருந்து கீழ் நோக்கி, இவன் என்ன எண்ணுகிறான் என்று அரசு அவனைச் சந்தேகிக்கின்றது. இளவரசனோ தன் சந்தேகத்தைச் சோதித்துப் பார்க்க நாடகம் ஒன்றை நடத்தி, அரசனுடைய முகத்தைக் கவனித்து, சான்று தேடுகிறான். அரசனுடைய சந்தேகத்துக்குச் சான்று தேவைப்படவில்லை. இங்கிலாந்துக்குப் போகும் கப்பலும் ஓர் ஓலையும் போதுமாயின. ஹம்லெற்றை முடிவெடுக்கத் தெரியாத மனநோயாளனாகவே காட்டும் விமர்சகர்கள் இந்த இரண்டாவது சந்தேகத்தைப் பற்றி அதிகம் எழுதுவதில்லை.

பிற்கால ஆங்கிலம் இவ்விரண்டையும் பெரும்பாலும் பிரித்து வைத்துக்கொண்டது. நம்பாமைக்கு ஒரு சொல், குற்றம் ஊகித்தலுக்கு வேறொரு சொல் என்றாயிற்று. தமிழ் அவ்வாறு பிரிக்கவில்லை. 'சந்தேகம்' என்பது வடமொழியிலே ஒன்றோடொன்று பூசிக் கலத்தல் என்ற பொருளுடைய அடியிலிருந்து வந்த சொல். நாம் அதற்கு இரண்டு வேலைகளையும் கொடுத்திருக்கிறோம். 'ஐயம்' என்பதும் அவ்வாறே. தொல்காப்பியச் சொல்லதிகாரம் ஐயக்கிளவிக்கு இலக்கணம் வகுக்கின்றது. தூரத்தே தெரிவது மரக்குற்றியோ மனிதனோ என்பது உரையாசிரியர் வாயிலாக நாம் அறிந்த உதாரணம். ஆணோ பெண்ணோ, ஒருவரோ பலரோ என்று துணியமுடியாத நிலையில் எவ்வாறு பேசுவது என்பதற்கு அங்கே விதியுண்டு. அருகே சென்று கண்ட பின்னர் எவ்வாறு பேசுவது என்பதற்கும் விதியுண்டு. ஐயம் துணிவை நோக்கி நடக்கவேண்டும் என்பது அவ்விலக்கணத்தின் எதிர்பார்ப்பு.

இன்று இலங்கையிலே தமிழ்ப் பத்திரிகை படிக்கும் எவருக்கும் 'சந்தேகநபர்' என்ற சொல் பழக்கமானது. 'நியாயமான சந்தேகத்துக்கு அப்பால்' என்ற தொடரும் அதே பத்திரிகையின் நீதிமன்றச் செய்திகளில் வருவதே. ஒன்று மனிதனைக் கூண்டில் ஏற்றுகின்றது; மற்றது கூண்டிலிருந்து இறக்குகின்றது. இரண்டிலும் இருப்பது ஒரே சந்தேகம். இதனை மொழியின் வறுமை என்று கொள்வாருமுளர். நான் அவ்வாறு கருதவில்லை. சட்டத்தின் வரலாறு ஆங்கிலத்தில் மறைத்து வைத்திருக்கும் உறவொன்றைத் தமிழ் மறைக்காமற் காட்டுகின்றது என்றே கொள்ளவேண்டும்.

அவ்வரலாற்றில் ஒரு வழக்கை மட்டும் குறிப்பிடுகிறேன். 1934 டிசம்பரிலே இங்கிலாந்தின் டோர்செற் பகுதியைச் சேர்ந்த றெஜினல்ட் வூல்மிங்டன் என்னும் 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி, தன்னை விட்டுப் பிரிந்து தாய்வீடு சென்ற இளம் மனைவியைத் துப்பாக்கியாற் சுட்டுக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டான். தற்கொலை செய்யப்போவதாகப் பயமுறுத்தவே துப்பாக்கியைக் கொண்டுசென்றதாகவும் அது தற்செயலாக வெடித்தது என்றும் அவன் கூறினான். கொலை நடந்தமை தெளிவாகிவிட்டால் அது தற்செயல் என்பதை எதிரியே நிரூபிக்கவேண்டும் என்று விசாரணை நீதிபதி ஜூரிமாருக்கு விளக்கினார்; மரணதண்டனை விதிக்கப்பட்டது. 1935 இல் பிரபுக்கள் சபை அதனைத் தள்ளுபடி செய்தது. குற்றத்தை நிரூபிக்கும் கடமை அரசுத் தரப்புக்கே உரியது. சந்தேகம் எஞ்சுமாயின் அதன் பயன் எதிரிக்கே சேரும். இக்கொள்கை ஆங்கிலக் குற்றவியற் சட்டத்தின் ஊடே ஓடும் பொன்னிழை எனத் தீர்ப்பு வர்ணித்தது. கூலிக்கு உழைத்த ஒருவனுடைய உயிரை வைத்துத்தான் அந்தப் பொன்னிழை ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டது.

பொன்னிழை ஓடிய துணி எல்லார்க்கும் ஒன்றாக வெட்டப்படவில்லை என்பதை நாம் அறிவோம். 1915 கலவரத்தின்போது இதே பேரரசு இலங்கையில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தது. கொழும்பு நகரக் காவற்படையின் அதிகாரியாயிருந்த ஹென்றி பேதிரிஸ் இராணுவ நீதிமன்றத்தாற் குற்றவாளியாகக் காணப்பட்டு அவ்வாண்டு ஜூலை 7 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். சுதந்திரம் பெற்ற நாட்டிலும் நிலைமை எப்போதும் மேம்பட்டதாக இருக்கவில்லை. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் அதிகாரிக்கு அளிக்கப்பட்ட குற்றஒப்புதலைச் சான்றாகக் கொள்ளலாகாது என்றது. குடியேற்ற ஆட்சியே இயற்றிய சட்டம் அது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று காட்டும் பொறுப்பைக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் தோளில் வைத்தது. சந்தேகத்தின் பேரிற் பிடிக்கப்பட்டவரைக் குற்றப்பத்திரமின்றி 18 மாதங்கள் வரை தடுத்துவைக்கவும் வழி செய்தது. 2022 இன் திருத்தம் அதனை 12 மாதங்களாகக் குறைத்தது. மூன்றாண்டுகளுக்கெனக் கொண்டுவரப்பட்ட சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது. வூல்மிங்டன் வழக்கிலே எதிரிக்கு உடைமையான சந்தேகம் இங்கே அரசின் உடைமையாயிற்று. சொல் மாறவில்லை.

தத்துவ உலகிலும் இக்கைமாற்றத்தைக் காணலாம். நவீன சிந்தனையின் தந்தை எனப்படும் டேக்கார்ட், அனைத்தையும் சந்தேகித்தலையே தமது முறையாகக் கொண்டவர். 1641 இல் வெளிவந்த அவருடைய 'தியானங்கள்' அதன் உச்சம். ஆயின், 1637 இல் வெளியிட்ட நூலிலேயே அவர் ஓர் எல்லையையும் வரைந்துவிட்டார். சந்தேகப் பணி நடைபெறும் காலத்தில், தம் நாட்டுச் சட்டங்களுக்கும் வழக்கங்களுக்கும் பணிந்து, தாம் வளர்க்கப்பட்ட மதத்திலேயே நிற்பது என்பது அவ்வெல்லை. காரணத்தைத் தேடி நாம் வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. 1633 இலே ரோமாபுரியில் கலிலியோ முழந்தாளிட்டுத் தம் கருத்தைக் கைவிட்ட செய்தி கேட்டு, எழுதி முடித்திருந்த 'உலகம்' என்னும் நூலை வெளியிடாமல் வைத்துக்கொண்டவர் டேக்கார்ட். அவருடைய சந்தேகத்துக்குள்ளே அந்தப் பழைய அச்சப் பொருள் இன்னும் உயிரோடிருந்தது.

கலிலியோவின் கதையைப் பிரெக்ற் நாடகமாக்கியது 1938-39 காலத்தில், ஹிற்லரிடமிருந்து தப்பி டென்மார்க்கில் வாழ்ந்தபோது. ஹம்லெற்றின் நாட்டிலேயே என்பது தற்செயல்தான். நாடகத்திலே சந்தேகம் வானநூலாரின் தனிச்சொத்தாக இருக்கவில்லை. விண்ணிலே பூமி அசையுமாயின் மண்ணிலே பிரபுவின் இடமும் அசையலாம் என்று சந்தைத் தெருவிலே பாட்டுப் பாடுகிறார்கள். திருச்சபை அஞ்சியது தொலைநோக்கிக்கு மட்டுமன்று. முதல் வடிவத்திலே கலிலியோவின் பணிவு பெரிதும் ஒரு தந்திரமாகத் தோன்றிற்று. 1945 இல் ஹிரோஷிமா எரிந்தபின் பிரெக்ற் தம் நாயகனை மன்னிக்க மறுத்தார். அறிவைப் பொதுமக்களிடம் சேர்க்காமல் ஆள்வோரிடம் ஒப்படைத்தவன் என்று அவனைத் தன்வாயாலேயே குற்றஞ் சாட்டவைத்தார். தாம் எழுதியதையே ஐயுற்றுத் திருத்திய எழுத்தாளனுக்கு இதனைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

மார்க்ஸ் தமக்குப் பிடித்த வாசகமாக எதனைக் குறித்தார் என்பது முற்போக்காளர் பலர்க்கும் தெரியும். 1865 இல் மகள்மாரின் விளையாட்டுக் கேள்விக்கொத்து ஒன்றிலே, எல்லாவற்றையும் சந்தேகிக்கவேண்டும் என்ற இலத்தீன் வாசகத்தை அவர் எழுதினார். நாம் தேடிவந்த அதே 'துபித்தாரே'தான் அதிலும் நிற்கின்றது. நம்மிற் பலர் அதனை மேற்கோளாகச் சொல்வதோடு நின்றுவிட்டோம் என்பதையும் இவ்விடத்திலே சொல்லியாக வேண்டும். 1948 ஆகஸ்ட் மாதத்தில் சோவியத் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்திலே, தமது அறிக்கையைக் கட்சியின் மத்திய குழு அங்கீகரித்துவிட்டது என்று லைசென்கோ அறிவித்தார். பரம்பரையியல் பற்றிய விவாதம் அத்தோடு முடிந்தது. பயிர்களின் பூர்வீகத்தைத் தேடி உலகெங்கும் விதை சேகரித்த வவிலோவ் அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1943 இல், சரத்தோவ் சிறையில் இறந்துபோனார். அன்று அதனை எதிரிகளின் கட்டுக்கதை என்று கூறிய ஏடுகள் உலகெங்கும் இருந்தன. எதிரிகள் அதனைப் பயன்படுத்தினர் என்பது உண்மை. நடந்தது என்பதும் உண்மை. கேள்வி கேட்ட விஞ்ஞானி தொழிலாளர் அரசிலும் 'சந்தேகநபர்' ஆனமைக்கு நாம் வேறு பெயர் சூட்டலாகாது.

இதுகாறும் கூறியவற்றிலிருந்து, சந்தேகிப்போர் அனைவரும் நம் பக்கத்தார் என்று எவரேனும் முடிவு கட்டினால் அது பெருந் தவறாகும். இருபதாம் நூற்றாண்டிலே முதலாளித்துவம் சந்தேகத்தைப் பண்டமாக உற்பத்தி செய்யக் கற்றுக்கொண்டது. புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டோல், ஹில் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் இருவர் 1950 இல் வெளியிட்டனர். 1953 டிசம்பரிலே அமெரிக்கச் சிகரெட் கம்பனிகளின் தலைவர்கள் நியூயோர்க்கின் பிளாசா ஹோட்டலிற் கூடி, விளம்பர ஆலோசனை நிறுவனம் ஒன்றை அமர்த்தினர். 1954 ஜனவரி 4 ஆம் திகதி 400 க்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் அவர்களுடைய அறிக்கை வெளியாயிற்று. நோய்க்குக் காரணம் எதுவென்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடில்லை. மேலும் ஆராய்ச்சி தேவை. அதற்குப் பணம் தருவோம். படித்தவர் எவர் இதனை மறுப்பர்? அவர்கள் பொய் என்று சொல்லவில்லை. நிச்சயமில்லை என்று மட்டுமே சொன்னார்கள். 1969 இல் பிரவுண் அன்ட் வில்லியம்சன் என்னும் கம்பனியின் உள்ளகக் குறிப்பொன்று, தாங்கள் விற்கும் சரக்கே சந்தேகந்தான் என்று ஒளிவுமறைவின்றி எழுதிற்று. பொதுமக்கள் மனத்திலுள்ள உண்மைகளோடு போட்டியிடுவதற்கு அதுவே சிறந்த வழி என்று விளக்கமும் தந்தது. 2006 இலே அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இக்கம்பனிகள் பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றின எனத் தீர்ப்பளித்தார். இடைப்பட்ட காலத்தில் எத்தனை பேர் இருமி இருமி இறந்தனர் என்பதை வாசகர் எண்ணிப்பார்க்கட்டும்.

இந்தச் சந்தேகத்தின் இலட்சணம் எது? அது எக்காலத்தும் தீரக்கூடாது. மாணவனுடைய 'டவுட்' விடை கிடைத்ததும் தீர்ந்துவிடும்; தீர்வதற்காகவே அது எழுகின்றது. கம்பனியின் சந்தேகம் தீர்ந்தால் வியாபாரம் படுத்துவிடும். ஆகவே ஒவ்வொரு விடைக்கும் பின்னால் இன்னொரு 'மேலும் ஆராய்ச்சி' நின்றாக வேண்டும்.

இலக்கிய உலகிலும் இதற்கு ஓர் ஒன்றுவிட்ட உறவினர் உண்டு. நிச்சயமின்மையே கலையின் உச்சம், முடிவு கூறும் எழுத்து பிரசாரம் என்று கூறும் விமர்சகர் குழாத்தை நாம் நன்கறிவோம். அவர்கள் தவறாது அழைத்துவரும் சாட்சி கவிஞர் கீற்ஸ். 1817 டிசம்பரிலே தம் சகோதரர்க்கு எழுதிய கடிதத்தில், உண்மையையும் காரணத்தையும் பதறிப்பிடிக்க முயலாமல் ஐயங்களுக்கு நடுவே இருக்கவல்ல ஆற்றலைப் பற்றி அவர் ஒருமுறை பேசினார். ஒரேயொரு முறைதான். அக்கடிதத்தின் மூலமும் இன்றில்லை. பிறர் எழுதிய பிரதியே எஞ்சியது. இச்சிறு ஆதாரத்தின்மேற் கட்டப்பட்ட மாளிகைகளைப் பார்க்கும்போது வியப்பாயிருக்கிறது. கீற்ஸ் எதனைச் சொன்னார்? கவிஞன் தன் கருத்தை உலகத்தின்மேல் அவசரமாகத் திணிக்கக்கூடாது என்றார். உலகத்தைப் பற்றிக் கருத்தே கொள்ளக்கூடாது என்று அவர் எங்கும் கூறவில்லை. 1819 இல் மான்செஸ்டர் புனித பீற்றர் மைதானத்திலே தொழிலாளர் வெட்டிச் சாய்க்கப்பட்ட மறுமாதம், அக்கூட்டத்தின் பேச்சாளர் ஹென்றி ஹன்ற் இலண்டனுக்குள் வந்தபோது திரண்ட சனசமுத்திரத்தைக் கண்டு வீடு திரும்பி அதனைக் கடிதத்தில் எழுதியவரும் இதே கீற்ஸ்தான். அவர் கைஸ் வைத்தியசாலையிற் சத்திரசிகிச்சை பயின்று, 1816 இல் மருந்தளிக்கும் அனுமதிப்பத்திரம் பெற்றவர். நோயாளியின் அருகிலே நிச்சயமின்மையோடு இருப்பது எத்தகையது என்பது அவருக்குப் புத்தகத்தால் வந்த அறிவன்று.

நோயாளியின் அருகே என்றதும் நம் நாட்டின் நிலைமை ஒன்று நினைவுக்கு வருகின்றது. 1990 களிலிருந்து வடமத்திய மாகாணத்தின் மதவாச்சி, பதவியா, கெப்பித்திகொல்லாவ முதலிய பகுதிகளிலும், பின்னர் பொலனறுவை, வவுனியா முதலான மாவட்டங்களின் சில இடங்களிலும், வயலில் உழைக்கும் நடுத்தர வயதினர் சிறுநீரகம் செயலிழந்து வீழ்ந்து வருகின்றனர். நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இவர்களிடம் காரணமாகக் காணப்படவில்லை. இந்நோய்க்கு மருத்துவர் வழங்கும் ஆங்கிலப் பெயரின் சுருக்கம் 'சீ.கே.டீ.யு.' என்பது. இறுதியில் நிற்கும் 'யு' என்னும் எழுத்தைச் சிலர் 'அறியப்படாத காரணம்' என்றும், சிலர் 'நிச்சயமற்ற காரணம்' என்றும் விரிக்கின்றனர். இரண்டும் ஒன்றன்று. முதலாவது, எவருக்கும் எதுவும் தெரியாது என்பது. இரண்டாவது, பல காரணங்கள் எதிரே நிற்கின்றன, துணியமுடியவில்லை என்பது. மரக்குற்றியோ மனிதனோ என்ற அதே ஐயக்கிளவி.

எதிரே நிற்கும் காரணங்களோ பல. உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு நடந்து 2013 இல் வெளிவந்த ஆய்வு கட்மியத்தைச் சுட்டியது. 2014 இல் சில ஆய்வாளர் கிளைபோசேற் களைகொல்லியும் வன்னீரும் சேர்ந்த கருதுகோளை முன்வைத்தனர். புளோரைட்டு என்பாரும், கொளுத்தும் வெயிலில் நீரருந்தாது உழைத்தலே என்பாரும் உளர். எல் சல்வடோர், நிக்கராகுவா நாடுகளின் கரும்பு வெட்டும் தொழிலாளரிடையேயும் இதனை ஒத்த நோய் காணப்படுகின்றது. கம்பனிக்கு எதிரான கருதுகோள் எதுவோ அதுவே உண்மை என்று நம்மிற் சிலர் முன்கூட்டியே துணிந்துவிட்டனர். அந்தச் சபலம் எனக்கும் இருந்தது. 2015 இல் கிளைபோசேற் தடைசெய்யப்பட்டது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்த்தப்பட்டது. 2021 இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே கட்டளையால் நிறுத்தியபோது, அரசு கூறிய நியாயங்களுள் இந்நோயும் ஒன்று. அவ்வாண்டு நவம்பரிலே கட்டளை திரும்பப் பெறப்படுவதற்குள் வயல்கள் பாழாயின. கட்டளையிட்டவர் எவரும் பட்டினி கிடக்கவில்லை. மறுபுறத்திலே, காரணம் நிரூபணமாகும் வரை எதனையும் செய்வதற்கில்லை என்போரும் இருந்தனர். அவர்களுடைய குரலில் 1954 ஜனவரியின் அந்தப் பத்திரிகை அறிக்கை எனக்குக் கேட்கின்றது.

ஊர்மக்கள் இவ்விரு சாராருக்காகவும் காத்திருக்கவில்லை. கிணற்று நீரின் உவர்ப்பையும் கடினத்தையும் நாக்கால் அறிந்தவர்கள் அவர்கள். அதுதானா நோயின் காரணம் என்பதை அவர்களாலும் சொல்ல இயலாது. எனினும், சுத்திகரித்த குடிநீர் வேண்டும் என்று கேட்டார்கள். அரசாங்கத்தின் துணையோடும் சங்கங்களின் முயற்சியாலும் நீர் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் ஊர்தோறும் நிறுவப்பட்டன. மாலை வேளைகளில் அவற்றின் முன்னே கலன்களோடு மக்கள் வரிசையிலே நிற்கிறார்கள். நோயின் பெயரிலிருந்து 'யு' இன்னும் நீக்கப்படவில்லை.